ஒல்ரெடி சாப்பிட்டாச்சு

எங்கள் மாத்தளையில் "ஏற்கெனவே" என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அது புத்தகத்தில் இருந்தது. வாயில் இருந்ததெல்லாம் "ஒல்ரெடி"தான். கந்தோரில் போய் நம் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஒல்ரெடி அனுப்பியாச்சு" என்பார்கள். கடையில் சீனி கேட்டால், "ஒல்ரெடி முடிஞ்சிபோச்சு." பஸ் கொண்டக்டர் படியில் தொங்கியபடி "ஒல்ரெடி ஃபுல்" என்று சொல்லிவிட்டு மணியை இழுப்பார். வெறுமனே "அனுப்பியாச்சு" என்றால் நாம் நின்று இரண்டு கேள்வியாவது கேட்போம். முன்னால் அந்த ஒல்ரெடியைப் போட்டுவிட்டால் முத்திரை குத்தின மாதிரி. அதற்கு மேல் பேச்சு கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

எழுபதுகளின் முன்பாதியில், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வருஷங்களில், அந்தச் சொல் சாப்பாட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. கூப்பன் அரிசி போதாது. வெளியிலிருந்து அரிசி கொண்டுவர முடியாது, வழியில் பஸ்ஸை மறித்துப் பைகளைப் பார்ப்பார்கள். மரவள்ளிக் கிழங்கும் பாண் ரொட்டிக்கு வரிசையுமாகக் காலம் போனது. அப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றும்போதே "நாங்க ஒல்ரெடி சாப்பிட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். சொல்லாவிட்டால் அந்த வீட்டுக்காரி என்ன செய்வாள், பாவம். வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு வெட்கக்கேடு. சொன்னாலோ அடுப்படியில் பானை காலி. அவளும் "ஐயோ, ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமே" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லுவாள். நாமும் வயிற்றைத் தடவிக்காட்டுவோம். இரண்டு பக்கமும் பொய், இரண்டு பக்கமும் மரியாதை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும், அதே சொல்லை என்னிடம் ஒருத்தர் நாள் தவறாமல் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் அப்போது கணக்கு டீச்சர். பலாபத்வலப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலை. நீளமாக ஒரே மண்டபம், வகுப்புக்கு வகுப்பு நடுவே பலகைத் தட்டி. தட்டி ஆள் உயரம்கூட இல்லை. நான் இந்தப் பக்கம் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து விடை சொல்லும். அந்தப் பக்கம்தான் இங்கிலீஷ் டீச்சர். உக்குவளை முஸ்லிம் குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சேலை முந்தானையைத் தலையில் போட்டுக் காதோரம் செருகியிருப்பார். குரல் மட்டும் ஆளுக்குப் பொருத்தமில்லாமல் கணீரென்று இருக்கும். அவர் உக்குவளையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மாத்தளைக்கு வருவார். நான் கோயில் தெருவிலிருந்து நடந்து ஸ்டாண்டுக்குப் போவேன். அங்கிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில். அவர் என்னை டீச்சர் என்பார், நானும் அவரை டீச்சர் என்பேன். அவருக்கு மாமி இருந்தார், கணவரின் தம்பிமார் இருந்தார்கள், பிள்ளைகள் இரண்டு. எனக்கு அம்மா மட்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இவளக் கட்டிக்க வர்றவனுக்குக் காது கேக்காம இருந்தா நல்லது" என்று அம்மா சொல்லும். அந்த வாயைச் சகித்துக்கொண்டு தினமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தவர் அவர் ஒருத்தர்தான். அதனாலேயே எனக்கு அவர்மேல் தனி ஆசை.

பகல் இடைவேளையில் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுப்பார்கள். டீச்சர்மார் கொண்டுவந்ததைச் சாப்பிடுவோம். இவர் மட்டும் ஒன்றும் கொண்டுவர மாட்டார். கொப்பிகளைத் திருத்திக்கொண்டு அப்படியே மேசையில் இருப்பார்.

முதல் தடவை நான் நீட்டியது கோயில் தேர் முடிந்த மறுநாள், கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். அந்தக் காலத்தில் அது தங்கம். அவர் பேனையை மூடாமலே சிரித்தார்.

"இல்ல டீச்சர். நான் ஒல்ரெடி சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க சாப்பிடுங்க."

எனக்குச் சட்டென்று உறைத்தது. கோயிலில் படைத்ததை அவர் எப்படிச் சாப்பிடுவார்? அறிவுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாளிலிருந்து ஜாக்கிரதையானேன். பொட்டலத்தை அவிழ்க்கும்போதே சொல்லிவிடுவேன்.

"இது கோயில்ல வச்சது இல்ல டீச்சர். எங்க அடுப்புல வெந்தது."

"ஒல்ரெடி சாப்பிட்டாச்சு டீச்சர்."

"மரவள்ளிக் கிழங்க எந்தச் சாமிக்கும் படைக்கிறதில்ல. பயப்படாம எடுங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "அல்லாஹ்வே, உங்கட வாய். நான் ஒல்ரெடி சாப்பிட்டேன் டீச்சர், சத்தியமா வயித்துல எடம் இல்ல" என்றார். இப்படியே வாரக்கணக்கில் போனது. எனக்கு ரோஷம் வந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாடு அவருக்கு ஆகவில்லை, அதை மரியாதையாகச் சொல்லுகிறார் என்று முடிவு கட்டினேன். கொஞ்ச நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தார். அவரிடம் கோபித்துக்கொண்டு இருக்கவும் முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், பிள்ளைகள் தேவாரம் பாடி முடிக்கும் முன்பே, அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீர் தெளித்து, பஸ் ஏற்றி, நானே டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"நேரத்துக்குச் சாப்பிடுறதில்லையா?"

"சாப்பிடுறேன் டொக்டர்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். நான் யார், என்ன உறவு என்றுகூடக் கேட்கவில்லை. "ஷீ இஸ் ஒல்ரெடி வெரி வீக்" என்றார். பிறகு தமிழில், "இன்னொரு தடவ இப்படி விழுந்தா ஹொஸ்பிட்டல்ல போட வேண்டியதுதான். படிப்பிக்கிற வேலையெல்லாம் அதோட சரி. வீட்டோட இருக்க வேண்டியதுதான்" என்றார்.

அந்தச் சொல்லை அவ்வளவு நாளும் நான் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தேன். பலவீனம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. பஸ்ஸுக்காக நின்றபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டோட இருக்கச் சொன்னா நான் செத்துடுவேன் டீச்சர். எனக்கு அந்தப் புள்ளைகளோட கத்திக்கிட்டே ஈக்கணும்" என்றார். அவரைப் பாடசாலையை விட்டு அனுப்பவிடக் கூடாது, அதற்கு அவரைச் சாப்பிட வைக்க வேண்டும். அன்றிலிருந்து என் யோசனையெல்லாம் அது ஒன்றுதான். ஆனால் மனுஷி காலையில் சாப்பிட்டுத்தான் வருகிறேன் என்று அடித்துச் சொல்லும்போது நான் என்னதான் செய்வது?

சில நாள் கழித்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் அதே சொல் பாடமாக நடந்தது. நான் இந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு மேசையில் சாய்ந்திருந்தேன். கரும்பலகையில் எழுதி எழுதி அவர் சொல்ல, பிள்ளைகள் கூட்டாகக் கத்தின. த பஸ் ஹேஸ் ஒல்ரெடி கோன். த பெல் ஹேஸ் ஒல்ரெடி ரங். த ரெய்ன் ஹேஸ் ஒல்ரெடி ஸ்டொப்ட். பஸ் போனது, மணி அடித்தது, மழை விட்டது, தபால்காரர் வந்துவிட்டுப் போனார். எல்லாம் எங்கள் பாடசாலை வாசலில் நடக்கிற சங்கதிகள்தான். பிறகு, ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கள் என்றார். ஒரு பெண்பிள்ளை எழுந்து கணீரென்று சொன்னது:

"ஐ ஹேவ் ஒல்ரெடி ஈட்டன் மை லஞ்ச்."

அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது.

"வேற சொல்லு மகள்."

"பிழையா டீச்சர்?"

"பிழை இல்ல. வசனம் சரி. வேற ஒண்டு சொல்லு."

இன்னொரு பிள்ளையும் சாப்பாட்டுக்கே போனது. அதற்கும் "வேற சொல்லு" என்றார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. வகுப்புக்கு உள்ளே அந்தச் சொல்லை உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லோடும் சேர்க்கிறார், சாப்பாட்டோடு மட்டும் சேர்க்கவிடுவதில்லை. வகுப்புக்கு வெளியே சாப்பாட்டோடு தவிர வேறு எதோடும் அவர் அதைச் சேர்த்து நான் கேட்டதில்லை. இடைவேளையில் கேட்டேன். "பசியோட ஈக்கிற புள்ளைகள்ட வாயால அந்தப் பொய்யச் சொல்லவைக்க ஏலாது டீச்சர்" என்றார் சாதாரணமாக. பொய் என்று அவர் வாயிலிருந்தே வந்தது. நான் அதையும் பிள்ளைகளைப் பற்றியதாகத்தான் எடுத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர் என்று பெயர், ஒன்றையும் ஒன்றையும் கூட்டத் தெரியவில்லை.

பிறகு நோன்பு மாதம் வந்தது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு அந்த மாதம் விடுமுறை. எங்களுடையது தமிழ்ப் பாடசாலை, ஆகவே அவர் நோன்பு பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தார். எனக்குப் பயம். சாப்பிட்டுவிட்டு வந்தபோதே விழுந்த மனுஷி, பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் எப்படித் தாங்குவார்? "டொக்டர் சொன்னத மறந்துட்டீங்களா? நோயாளிக்கு நோன்பு இல்லைன்னு உங்க ஆக்களே சொல்றாங்க" என்று சண்டை பிடித்தேன். "ஏலாட்டி விடுறேன் டீச்சர், ஏலும்" என்றார். பஸ்ஸில் நான் அவரைச் சன்னல் பக்கம் உட்கார வைத்தேன். காலைக் கூட்டத்தில் பின்னால் போய் நின்றுகொண்டேன், விழுந்தால் பிடிக்க.

அவர் விழவில்லை. முதல் வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. படியில் மூச்சு வாங்காமல் ஏறினார். குரல் தட்டியைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்டது. நோன்பு பிடித்து ஆள் தேறுவதை நான் எங்கேயும் கண்டதில்லை. ஒருநாள் பஸ்ஸில் கேட்டேவிட்டேன்.

"ஊர்ல எல்லாரும் நோன்புல மெலிவாங்க. நீங்க என்ன டீச்சர், மாப்பிள்ள வீட்டு விருந்துக்குப் போன மாதிரி மினுமினுன்னு இருக்கீங்க?"

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "சஹர் சாப்பாடு டீச்சர். விடிய முந்தி எல்லாரும் ஒண்டா உக்காருவோம். மாமி என்னையும் பக்கத்துல உக்கார வச்சுக்குவாங்க. சஹர் சாப்பிடாம நோன்பு புடிக்கப்படாது, அதுல அல்லாஹ்ட அருள், பரக்கத் ஈக்குதுன்னு, எழும்பவே விடமாட்டாங்க. என்ட பீங்கான்ல மாமியே போடுவாங்க. பொழுதுபட்டா பள்ளிவாசல்ல இருந்து கஞ்சி வரும். அதுவும் ஒண்டாத்தான் உக்காந்து குடிப்போம்."

"மத்த மாசத்துல?"

அவர் வெளியே பார்த்தார். ரோட்டோரம் கொக்கோ மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"மத்த மாசத்துல நான்தானே டீச்சர் எல்லாருக்கும் போடுறது" என்றார்.

போட்டு முடிக்கும்போது சட்டியில் ஒன்றும் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவள் சாப்பிட்டாளா என்று எந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள்? மாமி கேட்டால் அவருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும், நான் ஒல்ரெடி சாப்பிட்டேன் மாமி. அங்கேயும் அந்தச் சொல், என் பொட்டலத்துக்கு முன்னாலும் அதே சொல். வருஷத்தில் அந்த ஒரு மாதம், பகலில் பசியோடு இருந்த மாதம்தான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டது. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாசம் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு பலாபத்வல வரும்வரை பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவருக்குத்தான் பயம் வந்துவிட்டது.

பெருநாள் முடிந்தது. அவர் எனக்குப் பெருநாள் பலகாரம் கொண்டுவந்தார், நான் தின்றேன். அந்த வாரமே அவருடைய கன்னம் வற்றத் தொடங்கியதைக் கண்டேன். இனிமேல் பொறுப்பதில்லை என்று பகல் இடைவேளைக்கு மணி அடித்ததும் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டேன், ஒட்டினாற்போல, அவர் எழும்ப வழியில்லாமல்.

"என்ன டீச்சர் இது?"

"இன்னைக்கி நான்தான் உங்க மாமி."

சிரித்தார். நான் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"நான் ஒல்ரெடி..."

"அந்தச் சொல்ல எங்கிட்டக் கொண்டு வராதீங்க. நான் இன்னும் சாப்பிடல. நீங்க எடுத்தாத்தான் நான் எடுப்பேன். இல்லாட்டி ரெண்டு பேரும் இப்படியே இருப்போம்."

"சின்னப் புள்ள மாதிரி அடம் புடிக்காதீங்க. இது ஒராளுக்கே காணாது."

"காணாததத்தான் பங்கு போடணும்."

அவர் கொப்பியை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. பொட்டலத்தை அவிழ்க்காமலே எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். எனக்கோ பசி என்றால் கண் தெரியாது. அன்று பின்னேரம் என் வகுப்புப் பிள்ளைகள் பட்ட பாட்டை அதுகளிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் அம்மா பொட்டலத்தைப் பார்த்துவிட்டது.

"ஏண்டி, சாப்பிடாம கொண்டு வந்திருக்க?"

"நோன்பும்மா."

"எந்தச் சாமிக்கு?"

"உக்குவளச் சாமிக்கு" என்றேன். பிறகு இருந்ததையெல்லாம் சொன்னேன். மறுநாள் பொட்டலம் கொஞ்சம் கனமாக இருந்தது. அதற்கு அம்மா எதைக் குறைத்துக்கொண்டது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அவர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். "உங்களுக்கு என்னமும் ஆனா நான் உங்கட உம்மாக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். "உங்களுக்கு என்னமும் ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று கேட்டேன். அப்போதும் அவர் கையை நீட்டவில்லை. மனுஷிக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்கு ஆத்திரம். காலையில் பஸ்ஸில் நாங்கள் பேசாமலே வந்தோம். பேசாவிட்டாலும் ஒரே சீட்டுத்தான்.

வெள்ளிக்கிழமை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், தட்டிக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்கிற பாடம் நடந்தது. பிள்ளைகள் எழுந்து ஒன்றையொன்று அந்தச் சொல்லை வைத்தே கேட்டுக்கொண்டன. ஹேவ் யூ ஒல்ரெடி ரிட்டன்? ஹேஸ் த பஸ் ஒல்ரெடி கம்? நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதியிருந்த எண்கள் மெல்ல மெல்ல மிதந்தன. அப்போது முன்பு "பிழையா டீச்சர்" என்று கேட்ட அதே பிள்ளையின் குரல் கேட்டது. அது வேறு யாரையும் கேட்கவில்லை, டீச்சரையே கேட்டது.

"டீச்சர், ஹேவ் யூ ஒல்ரெடி ஈட்டன்?"

நான் திரும்பினேன். அவர் என்ன சொல்லப்போகிறார்? "வேற கேளு மகள்" என்பார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சாக்குக்கட்டிச் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளைகள் பதிலுக்குக் காத்திருந்தன.

"நோ," என்றார். அந்தக் கணீர்க் குரல் இல்லை, வேறு குரல். "நோ, மகள். நொட் யெட்."

பிறகு தட்டிக்கு மேலே முந்தானை போட்ட தலை தெரிந்தது. குதிகாலை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க டீச்சர்?"

"நொட் யெட்" என்றேன்.

கணக்கு டீச்சர் இங்கிலீஷ் பேசிவிட்டாள் என்று என் வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணி அடித்ததும் அவர் கைகழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பொட்டலத்தை நான் அவிழ்க்கவில்லை, அவரே அவிழ்த்தார். இலையில் கிழங்கை இரண்டாகப் பங்கு போட்டார். பெரிய பங்கை என் பக்கம் தள்ளப் பார்த்தார், நான் திருப்பி வைத்தேன். பிஸ்மி சொல்லி, கிழங்கில் கொஞ்சம் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். நான் அவர் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்புக் கொறவு" என்றார்.

அத்தனை மாதமாக என் வீட்டுச் சாப்பாட்டைக் கையால் தொடாமல், வயிற்றில் இடமில்லை என்று மரியாதை சொல்லிக்கொண்டிருந்தவர், முதல் வாயிலேயே குறை சொன்னார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததாக நினைவில்லை. அன்று வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை உப்புக் கொஞ்சம் கூடப் போடும்படி அம்மாவிடம் சொன்னேன்.